பகடிப் பாட்டில் இங்கிலீஷ் சொல் கற்பது: சிரிப்பு நிற்கிறது, சொல் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

கரும்பலகை கேட்டது:

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வந்த கல்லூரி முதலாண்டு மாணவர்கள், 24 பேர். வாரத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 50 நிமிடம். பிரபலமான ஆங்கிலப் பாட்டின் மெட்டில் வேறு வரிகளைப் போட்டுப் பாடும் பகடி வீடியோக்களை வைத்துச் சொல்வளம் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது ஓடுவது அமெரிக்கப் பகடிப் பாடகர் வியர்ட் ஆல் யாங்கோவிக்கின் 'வேர்ட் கிரைம்ஸ்'. ஆங்கிலம் எழுதுவதில் வரும் தப்புகளைப் பற்றிய பாட்டு என்பதால் எடுத்தேன்.

வகுப்பில் நன்றாகச் சிரிக்கிறார்கள். மறுநாள் மெட்டை முணுமுணுக்கிறார்கள். ஆனால் அதே பாட்டிலிருந்து எடுத்த 20 சொற்களை நான்கு நாள் கழித்துத் தாளில் கேட்டால் ஐந்தாறுக்கு மேல் வருவதில்லை. வந்த சொல்லையும் வேறு வாக்கியத்தில் வைக்கத் தெரியவில்லை. செய்முறை இதுதான்: சப்டைட்டிலோடு முழுப் பாட்டு மூன்று முறை, பிறகு போர்டில் சொற்பட்டியலும் தமிழ் அர்த்தமும்.

எங்கே தப்பு? ஒரு வீடியோவுக்கு எத்தனை சொல் சரி? எந்த மாதிரி வீடியோவைத் தவிர்க்கணும்?

---

சொல்லேர் எழுதியது:

டீச்சர், மறுநாள் அவர்கள் முணுமுணுப்பது மெட்டை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சொல் மெட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பாட்டை ஓட்டிக்கொண்டே வந்தால் அந்த இடத்தில் சொல் தானாக வாயில் விழும், தனியாகக் கூப்பிட்டால் வராது. "ஓரேழு ஏழு" என்று தொடங்கினால்தான் ஏழெட்டு ஐம்பத்தாறு வரை வர முடிகிற பிள்ளையின் நிலைமை. மெட்டை வைத்துச் சொல்லை உள்ளே அனுப்புவது ஒரு வேலை, அப்புறம் மெட்டைக் கழற்றிவிடுவது இன்னொரு வேலை. இரண்டாவது உங்கள் செய்முறையில் இல்லை.

20 சொல் மிக அதிகம். ஒரு பாட்டுக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு. எதை எடுப்பது என்பதற்கு ஒரே கேள்வி போதும்: இந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாமல் இந்த இடத்தில் சிரிக்க முடியுமா? முடியும் என்றால் சிரிப்பு பாடகரின் முகத்திலும் குரலிலும் இருக்கிறது, அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். முடியாது என்றால் அதுதான் உங்கள் சொல்.

அடுத்தது மூலப் பாட்டு. லொள்ளு சபா பார்த்தவர்களுக்கு இது தெரியும், எந்தப் படத்தைக் கிண்டலடிக்கிறார்கள் என்று தெரியாதவர் பாதி இடத்தில் முழிப்பார். 'வேர்ட் கிரைம்ஸ்' 2014இல் வந்தது. அதன் மெட்டு முந்தைய ஆண்டு வந்த 'பிளர்ட் லைன்ஸ்' பாட்டுடையது. மெட்டு காதில் ஏற்கெனவே இருந்தால்தான் மாற்றிப் போட்ட சொல் துருத்திக்கொண்டு தெரியும், துருத்துவதால்தான் மனதில் தங்கும். ஆனால் கவனம்: அந்த மூலப் பாட்டின் வீடியோவும் வரிகளும் வகுப்புக்கு ஏற்றவை அல்ல. கரோக்கி இசையை மட்டும் 30 வினாடி ஒலிக்கவிட்டால் போதும். பகடியிலும் மொழியியலாளரைக் குறிக்கும் சொல்லை வைத்து ஆபாசமான ஒரு சிலேடை உண்டு. அந்த இடம் வரும் முன்பே நிறுத்தும்படி நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். போர்டில் தமிழ் அர்த்தம் எழுதுவதால் இந்தப் பாட்டில் பயன் குறைவு. 'லெஸ்', 'ஃபியூவர்' இரண்டுக்கும் தமிழில் "குறைவு" என்றுதான் எழுதுவீர்கள், பிரச்சினையே அங்குதான். அர்த்தத்துக்குப் பதில் தமிழ்க் கேள்வி ஒன்றைக் கொடுங்கள்.

"எத்தனை?" என்று கேட்கக்கூடியதற்கு ஃபியூவர். "எவ்வளவு?" என்று கேட்பதற்கு லெஸ். எத்தனை மாணவர்கள், ஃபியூவர். எவ்வளவு தண்ணீர், லெஸ். மெனி, மச் இரண்டுக்கும் இதே சோதனை செல்லும். இது உடையும் இடங்களையும் அன்றைக்கே சொல்லிவிடணும். பணம், தூரம், நேரம் மூன்றுக்கும் தமிழில் எத்தனை ரூபாய், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்போம். ஆங்கிலம் அதை ஒரே மொத்தமாகப் பார்ப்பதால் ஐந்நூறு ரூபாய்க்குக் கீழே என்பது லெஸ். அடுத்து ஃபர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன். இவற்றை நாம் எண்ணுவோம், ஆங்கிலம் எண்ணாது. இவற்றின் கடைசியில் 'எஸ்' போடுவதும் இதே தப்பின் மறுபக்கம்தான். பேச்சில் "எவ்வளவு பேர் வந்தாங்க" என்று சொல்லும் பழக்கம் உள்ள மாணவர்களுக்கு முதலில் தமிழில் பிரித்துக் காட்டிவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

ஹூ, ஹூம்: தமிழருக்கு இது ரொம்பச் சுலபம். நமக்கு வேற்றுமை உருபு உண்டு. தமிழில் "யார்" என்று வந்தால் ஹூ. யாரை, யாரோடு என்று உருபு ஏறினால் ஹூம். உடையும் இடம் நான்காம் வேற்றுமை. "யாருக்குக் கொடுத்தாய்" என்பது 'டு ஹூம்' தான். ஆனால் "யாருக்குத் தெரியும்", "யாருக்குப் பசிக்கிறது", "யாருக்கு வேண்டும்" எல்லாம் ஆங்கிலத்தில் ஹூ. அங்கே தெரிந்துகொள்பவரும் பசிப்பவரும்தான் எழுவாய். இந்த மூன்று வாக்கியத்தையும் சொல்லாமல் விட்டால் பையன்கள் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பாகவே எழுதுவார்கள்.

குட், வெல்: நல்ல, நன்றாக. நல்ல பாட்டு, நன்றாகப் பாடினாள். இங்கே தமிழே பாதுகாப்பு. ஆனால் "பிரியாணி நன்றாக மணக்கிறது" என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்மெல்ஸ் குட்'. மணம், சுவை, தோற்றம், உணர்வு சொல்லும் வினைகளுக்குப் பின்னால் வருவது பொருளின் குணம், வினையின் விதம் அல்ல.

இட்ஸ்: தமிழில் "அதன்" என்று வந்தால் மேலே காற்புள்ளி கிடையாது. "அது" என்று வந்தால் உண்டு. ராமனுடைய என்பதற்கு அபாஸ்ட்ரஃபி போட்டுப் பழகிய கை இங்கேயும் போடுகிறது. 'ஹிஸ்' என்ற சொல்லுக்குப் போடுவோமா என்று கேட்டால் நின்றுவிடும்.

இந்த நான்குமே ஒரு பாட்டுக்கு நிறைவான வேலை.

---

ஒலிப்பேழை எழுதியது:

சொல்லேர் சார் சொன்னதற்குப் பிறகு கருவிப் பக்கம் மட்டும்.

சப்டைட்டிலை முதல் முறையே போடாதீர்கள். கண் படிக்க ஆரம்பித்தால் காது வேலையை நிறுத்திவிடும். முதல் ஓட்டம் சப்டைட்டில் இல்லாமல், முழுதாக. இரண்டாவது ஓட்டம் ஒரே பத்தி, 20 முதல் 25 வினாடி, வேகம் 0.75. மூன்றாவது அதே துண்டு, சப்டைட்டிலோடு, சாதாரண வேகத்தில். முழுப் பாட்டு மறுபடி வகுப்பு முடியும்போது ஒரு முறை போதும். 0.5க்குக் கீழே போனால் பாட்டில் மெய்யெழுத்து ஒலிகள் இழுபட்டுக் குழம்பும், பேச்சுக்கு உதவுவதுபோல் அது பாட்டுக்கு உதவாது.

கணினியில் யூடியூப் ஓட்டினால் விசைப்பலகை பழகிக்கொள்ளுங்கள். 'ஜே' 10 வினாடி பின்னால், 'கே' நிறுத்தம், 'எல்' 10 வினாடி முன்னால், இடது அம்புக்குறி 5 வினாடி பின்னால், 'சி' சப்டைட்டில். நிறுத்திய நிலையில் கமா, புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். 'வேர்ட் கிரைம்ஸ்' வீடியோவுக்கு இந்தக் கடைசி வசதி தங்கம் மாதிரி. வரிகளே எழுத்துகளாக ஓடி விளையாடும் வீடியோ அது, தப்பும் திருத்தமும் திரையிலேயே வரும். அதனால் தனியாகச் சப்டைட்டிலும் தேவையில்லை, போட்டால் கீழே உள்ள படத்தைத்தான் மறைக்கும்.

மற்ற வீடியோக்களில், சப்டைட்டில் தானாக உருவானதா, ஆள் எழுதியதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். தானாக உருவானது என்றால் அது பெயருக்குப் பக்கத்திலேயே குறித்திருக்கும். பகடிப் பாட்டில் அதை நம்ப முடியாது. சிலேடை இருக்கிற இடத்தில், நீங்கள் எடுக்க நினைத்த அதே சொல்லைத்தான் மென்பொருள் தப்பாக யூகிக்கும். லாங்குவேஜ் ரியாக்டர் என்ற குரோம் நீட்சி இரண்டு மொழியில் வரி காட்டும். தனியாகப் படிப்பவருக்கு நல்லது, ஆனால் தமிழ் வரியை அணைத்துவையுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு சிலேடையைத் தட்டையாக்கிவிடும், அப்புறம் சிரிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

மறுபார்வைக்கு ஆங்கி என்ற அட்டைச் செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. ஒரு சொல்லுக்கு இரண்டு அட்டை போடுங்கள். முதலாவது அட்டையில் பாட்டு வரி, சொல் இருக்கும் இடத்தில் கோடிட்ட வெற்றிடம். இரண்டாவது அட்டையில் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத வாக்கியம், அதே வெற்றிடம். முதல் அட்டையை மட்டும் வைத்திருந்தால் மெட்டு பதிலைச் சொல்லிவிடும், மாணவர் தனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்து 'ஈஸி' அழுத்துவார், அட்டை பல நாள் தள்ளிப்போய்விடும். உங்கள் நான்காம் நாள் தேர்வில் நடப்பதும் இதுவே. ஒரு வாரம் ஆனதும் முதல் அட்டையை நிறுத்திவைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் ஓடவிடுங்கள்.

ஆங்கி ஒரு நாளைக்கு 20 புது அட்டை காட்டும்படி அமைத்து வரும். அதை 4 ஆகக் குறைத்துவிடுங்கள். குறைக்காமல் விட்டால் பத்தாம் நாள் மறுபார்வை குவிந்து யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். போன் இல்லாத மாணவர்களுக்குத் தாளை நான்காக வெட்டிய அட்டையும் ஐந்து தீப்பெட்டி டப்பாவும் போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் என்று டப்பா மாற்றினால் அதே பலன்.

---

கரும்பலகை எழுதியது:

இரண்டாவது அட்டை விஷயம் பளிச்சென்று புரிகிறது. எத்தனை, எவ்வளவு சோதனையை இந்த வாரமே போட்டுவிடலாம். இன்னும் இரண்டு சந்தேகம். இந்தப் பாட்டு சொல்கிற விதி எல்லாமே சரியா? அப்புறம், இதைவிடச் சுலபமான வீடியோ வேண்டும். வகுப்பில் ஏழெட்டுப் பேர் இன்னும் கீழ்ப்படியில் இருக்கிறார்கள்.

---

நிகண்டு எழுதியது:

எல்லாமே சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பாட்டு கண்டிப்பான வாத்தியார் குரலில் பாடுகிறது, அதுதான் அதன் நகைச்சுவை. 'லிட்டரலி' என்ற சொல்லை மிகைக்குப் பயன்படுத்துவதைப் பாட்டு கண்டிக்கிறது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி அந்தப் பொருளையும் பதிவுசெய்திருக்கிறது. 'டு ஹூம்' எழுத்தில் சரி, சாதாரணப் பேச்சில் ஆங்கிலேயரே கேள்வியை ஹூவில் தொடங்கி 'டு' போன்ற முன்னிடைச்சொல்லைக் கடைசியில் தள்ளிவிடுவார்கள். தேர்வுத் தாளில் பாட்டின் விதியைப் பின்பற்றச் சொல்லுங்கள், காதில் வேறு மாதிரி விழுந்தால் அது பிழை என்று சண்டை பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இரண்டும் தெரிந்திருக்கணும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வசைச்சொல். அந்தப் பாட்டின் பிற்பகுதியில் 'ஸ்பாஸ்டிக்' என்று ஒரு சொல் வருகிறது. அமெரிக்காவில் பலருக்கு அது தடுமாற்றம் என்ற அளவில்தான் காதில் விழும். பிரிட்டனில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களைக் கேவலப்படுத்தும் வசை. பாட்டு வெளியானதும் எதிர்ப்பு வந்து, யாங்கோவிக் தனக்கு அது தெரியாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிரிட்டனில் அந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருந்த தொண்டு நிறுவனம் 1994இல் 'ஸ்கோப்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. நம் ஊரிலோ அது மருத்துவமனைப் பலகையில் பார்க்கும் சாதாரணச் சொல். நம் மாணவருக்கு மூன்று இடத்து வித்தியாசமும் பாட்டைக் கேட்டுத் தெரியாது. பகடியில் கேட்ட சொல்லை வாயில் போட்டுக்கொள்ளும் முன் கேம்பிரிட்ஜ் அல்லது ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியில் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். பொருளுக்கு முன்னால் சாய்ந்த எழுத்தில் இருக்கும் குறிப்புதான் முக்கியம்: பேச்சுவழக்கு, புண்படுத்துவது, வழக்கொழிந்தது என்று போட்டிருப்பார்கள். கேம்பிரிட்ஜில் பல சொற்களுக்கு ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (உச்சம்) வரை நிலையும் இருக்கும். கீழ்ப்படியில் உள்ளவர்களுக்கு பி1 தாண்டிய சொல்லை எடுக்காதீர்கள்.

கடைசியாண்டு மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அதே 2014 ஆல்பத்தில் 'மிஷன் ஸ்டேட்மென்ட்' என்ற பாட்டு உண்டு. அலுவலக மீட்டிங் சொற்களாகவே கோத்தது: சினர்ஜி, லெவரேஜ், கோர் காம்பிடன்சி. வெள்ளைப் பலகையில் படம் வரைந்துகொண்டே போகும் வீடியோ என்பதால் பின்தொடர்வது சுலபம். அதில் கற்பிக்க வேண்டியது, பாட்டு இந்தச் சொற்களைக் கேலி செய்கிறது என்பதை. அது தெரியாத மாணவர் இவைதான் உயர்ந்த ஆங்கிலம் என்று நினைத்து விண்ணப்பக் கடிதம் முழுக்கத் தூவிவிடுவார். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் சாதாரணச் சொல்லை எழுதவையுங்கள். லெவரேஜ் என்றால் 'யூஸ்'. பல இடத்தில் அவ்வளவுதான்.

---

தாளக்கட்டு எழுதியது:

சுலபமான வீடியோவுக்கு: செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சி. பெரியவர்களின் சினிமா, டிவி தொடர், பாட்டு எல்லாவற்றையும் பொம்மைகளை வைத்துப் பகடி செய்து வெளியிட்டிருக்கிறார்கள், யூடியூபில் கிடைக்கும். உச்சரிப்பு தெளிவு, சொற்கள் குறைவு, ஒரே சொல் நாலைந்து முறை திரும்ப வரும். ஒரே எச்சரிக்கை குக்கி மான்ஸ்டர். அந்தப் பொம்மை 'ஐ' சொல்ல வேண்டிய இடத்தில் 'மீ' என்றுதான் சொல்லும், அது அதன் குணம். அதையே பயிற்சியாக்கலாம்: அது பேசும் ஆறு வரியை எழுதிப்போட்டு, சரியான ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மழலையைத் திருத்துவதில் எல்லோருக்கும் உற்சாகம், தயங்குகிறவர்களும் வாய் திறப்பார்கள்.

வேண்டாதது: 'பேட் லிப் ரீடிங்' சேனல் மாதிரி, உதட்டசைவுக்குப் பொருந்தும்படி சம்பந்தமில்லாத வாக்கியங்களைப் பொருத்தும் வீடியோக்கள். சூழலை வைத்து அர்த்தத்தை யூகிப்பதுதான் சொல் கற்பதில் பாதி. அங்கே சூழலே கிடையாது, முன் வாக்கியத்துக்கும் பின் வாக்கியத்துக்கும் தொடர்பிருக்காது.

இனி அழுத்தம். பாட்டில் கேட்டதை வைத்து ஆங்கிலச் சொல்லின் அழுத்தத்தை முடிவு செய்யாதீர்கள். பகடியில் மெட்டு முன்பே இருக்கிறது, புதுச் சொல்லை அதற்குள் திணிக்கிறார்கள். அதனால் அழுத்தம் இடம் மாறி விழும் வாய்ப்பு சாதாரணப் பாட்டைவிட அதிகம். ஒரு சொல்லைப் பலர் பேசும் யூடியூப் துண்டுகளைத் தேடித் தரும் யூகிளிஷ் தளத்தில் ஐந்து சொல்லையும் போட்டு, மூன்று பேர் பேசுவதைக் கேட்கவையுங்கள்.

அழுத்தத்தைக் குறிக்க நம்மிடம் நல்ல கருவி இருக்கிறது. சினிமாப் பாட்டுக்கு மெட்டைத் தத்தகாரத்தில் கொடுப்பார்களே, அதேதான். அழுத்தமான அசைக்குத் 'தா', மற்றதுக்குத் 'த'. ஃபோட்டோகிராஃப் என்றால் தா த த. ஃபோட்டோகிராஃபர் த தா த த. ஃபோட்டோகிராஃபிக் த த தா த. ஒரே குடும்பத்துச் சொல்லில் அழுத்தம் நகர்வதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மேசையில் தட்டிச் சொல்லவையுங்கள்.

மெட்டைக் கழற்றுவதற்கு நல்ல வழி, அவர்களையே ஒரு பகடி எழுதவைப்பது. முழுப் பாட்டு வேண்டாம், நான்கு வரி. எல்லோருக்கும் தெரிந்த, மெதுவான, உரிமைப் பிரச்சினையில்லாத பழைய மெட்டாக இருக்கட்டும். 'ட்விங்கிள் ட்விங்கிள்' போதும். அதன் வரிக்கு ஏழு அசை. நான்கு வரியில் அன்றைய ஐந்து சொல்லில் குறைந்தது மூன்று வரணும். கல்லூரி பஸ், ஹாஸ்டல் சாப்பாடு, இன்டர்னல் மார்க் எதை வேண்டுமானாலும் பாடட்டும். நான்கு பேர் கொண்ட குழு, 15 நிமிடம்.

இங்கே வழக்கமாகத் தப்பு நடப்பது அசை எண்ணுவதில். தமிழர் எழுத்தை எண்ணுவார்கள். 'வெஜிடபிள்' என்பதைத் தமிழில் எழுதிப் பார்த்து நான்கு அசை என்பார்கள், ஆங்கிலத்தில் பெரும்பாலும் மூன்றுதான். 'கம்ஃபர்டபிள்' பலர் வாயில் மூன்றே அசை. 'ஃபிலிம்' ஒரே அசை, நாம் இரண்டாக்கிவிடுகிறோம். தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், தாடை எத்தனை முறை இறங்குகிறதோ ஏறக்குறைய அத்தனை அசை. வரி மெட்டில் உட்காரவில்லை என்றால் முதலில் இதைத்தான் சோதிக்கணும், பிறகுதான் சொல்லை மாற்றணும்.

எழுதி முடித்ததும் ஒரு முறை பாடவையுங்கள், உடனே அதே நான்கு வரியை மெட்டில்லாமல் செய்தி வாசிப்பதுபோல் சொல்லவையுங்கள். அந்த இரண்டாவது வாசிப்பில் தடுக்கி விழும் சொல் எதுவோ, அதற்குத்தான் ஒலிப்பேழை சொன்ன இரண்டாவது அட்டை அவசரமாகத் தேவை.

---

கரும்பலகை எழுதியது:

நன்றி சார், எல்லோருக்கும். அடுத்த வகுப்புக்கு இப்படித் திட்டம்: கரோக்கி 30 வினாடி, சப்டைட்டில் இல்லாமல் ஒரு ஓட்டம், எத்தனை எவ்வளவு, யார் யாரை சோதனைகளுக்கு 20 நிமிடம், துண்டு ஓட்டம் இரண்டு, கடைசியில் அட்டை எழுதுவது. நான்கு வரி எழுதுவதை இரண்டாவது வகுப்புக்கு வைக்கிறேன். அந்த வசைச்சொல் வரும் இடத்துக்கு முன்பே வீடியோ நிற்கும்.

---

சொல்லேர் எழுதியது:

20 நிமிடத்தில் இரண்டு சோதனையும் முடியாது டீச்சர். எத்தனை, எவ்வளவை மட்டும் எடுங்கள். ரூபாய், கிலோமீட்டர் விதிவிலக்குக்கே பத்து நிமிடம் போய்விடும். யார், யாரை அடுத்த வாரம்.